தனியப் பயணம் போகலாம், தனியக் குகைக்குள் போகக்கூடாது: நாம் விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. மாரிக்கு மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் ஆறும் இல்லை. ஆகவே குகையும் நமக்குச் சம்பந்தமில்லாத சாமான் என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். உண்மையில் நாங்கள் குடியிருப்பதே பொந்து விழுந்த ஒரு பெரிய கல்லின் மேல். குடாநாட்டின் அடியில் கிடப்பது, பல இலட்சம் வருடங்களுக்கு முந்திய மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகும். அந்த நீர் கல்லின் வெடிப்புகளில் ஊறி ஊறி, அவற்றை ஓட்டையாக்கி, ஓட்டையைக் குகையாக்கும். ஒரு குகையின் கூரை இடிந்து விழுந்தால் என்ன வரும் என்று பார்க்க வேண்டுமானால் புத்தூர்ப் பக்கம் நிலாவரைக்குப் போய் எட்டிப் பாருங்கள். அங்கே தேசிக்காய் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்று சின்ன வயதில் எல்லோருக்கும் சொல்லியிருப்பார்கள். தேசிக்காயை நான் நம்பவில்லை. ஆனால் கல்லுக்குள் தண்ணீருக்குப் பாதை இருக்கிறது என்பதை அந்தக் கதை சொன்னவர்கள் அறிந்துதான் வைத்திருந்தார்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், குகைக்குள் போகிறவன் கைக்கொள்ள வேண்டிய விதிகளில் பாதி நம் கிணற்றடியில் ஏற்கெனவே இருந்தவை. கிணற்றுக்குள் இறங்குபவன் தனிய இறங்கமாட்டான். மேலே ஒருவர் நிற்பார். இறங்கமுன் அரிக்கன் லாம்பைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். சேறு அள்ளுபவன் கனநேரம் சத்தம் காட்டாவிட்டால் மேலே நிற்பவர் கூப்பிடுவார். இவ்வளவையும் பார்த்து வளர்ந்த நான், மோட்டார் சைக்கிளில் தனிய நாடு சுற்ற வெளிக்கிட்டபோது எல்லாவற்றையும் வீட்டில் விட்டுவிட்டுப் போனேன்.

சில வருடங்களுக்கு முன், ஓர் ஆவணி மாதம். ஏ9 வீதியால் கண்டி வரை 321 கிலோமீற்றர், அங்கிருந்து இரத்தினபுரிப் பக்கம். வழியில் தேநீர் குடித்த இடத்தில் ஒருவர் கையைக் காட்டி, ரப்பர் தோட்டத்துக்கு மேலே ஒரு குகை இருக்கிறது, உள்ளே தண்ணீர் ஓடும் என்றார். பெயர்ப்பலகை இல்லாத, ஊர்ப் பொடியள் குளிக்கப் போகிற குகை. பின்னேரம் மூன்றரை மணி. கையில் போன், காலில் செருப்பு. ஒரு பத்து நிமிடம் பார்த்துவிட்டு வருவோம் என்று உள்ளே போனேன். முப்பது நாற்பது மீற்றர்தான் போயிருப்பேன். வழுக்கிய கல்லில் கால் வைக்க, சமநிலைக்குக் கையை ஊன்ற, போன் தண்ணீருக்குள் போனது. தண்ணீருக்கடியில் இரண்டு செக்கன் வெளிச்சமாகக் கிடந்தது. பிறகு அதுவும் இல்லை.

குகை இருட்டு நம் வீட்டுக் கரண்ட் போன இருட்டல்ல. வீட்டில் கொஞ்ச நேரத்தில் கண் பழகி யன்னலின் விளிம்பாவது தெரியும். அங்கே ஒளியே இல்லாதபடியால் கண் பழக எதுவுமில்லை. கையை முகத்துக்கு முன் ஆட்டினால் ஆட்டுவது தெரிகிற மாதிரி இருக்கும். அது மூளை காட்டும் பொய்.

வெளிச்சம் போனால் செய்ய வேண்டியது இருந்த இடத்தில் இருப்பது. நடந்தால் விழுவாய், விழுந்தால் கால் முறியும், அல்லது வேறு கிளைக்குள் போய்விடுவாய். யாராவது வரும் வரை இரு. நூறு வீதம் சரியான புத்திமதி. ஆனால் நான் அங்கே இருக்கிறேன் என்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தேநீர்க்கடைக்காரர் அதற்குள் என்னை மறந்திருப்பார். அம்மாவுக்கு மத்தியானம் எடுத்துச் சொன்னது, "நான் இரத்தினபுரிப் பக்கம் நிக்கிறன்" என்று மட்டும். இரத்தினபுரி ஒரு மாவட்டம்.

நாலு கையும் காலுமாகத் தவழ்ந்து, ஓடுகிற தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று விரலால் தடவிப் பார்த்து வெளியே வந்தேன். உள்ளே போகும்போது தண்ணீர் எனக்கு எதிராக வந்தது என்பது ஞாபகம் இருந்தபடியால் தப்பினேன். வாசலின் மங்கல் தெரிய முக்கால் மணித்தியாலமாவது எடுத்திருக்கும். இதை வீரக்கதையாகச் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் வாசலால் வெளியேறாமல் ஒரு துவாரத்துக்குள் இறங்கும் குகையாக அது இருந்திருந்தால், அதே விரல் என்னை உள்ளேதான் கூட்டிக்கொண்டு போயிருக்கும்.

சொல்லாமல் போவது

என் கணக்கில் இதுதான் எல்லாவற்றுக்கும் தலையான பிழை. மற்றப் பிழைகள் ஒவ்வொன்றும் உங்களை ஒரு சிக்கலில் மாட்டும். இந்தப் பிழைதான் அந்தச் சிக்கலிலிருந்து வெளியே வரும் வழியை அடைக்கும்.

2018 ஆனி மாதம் 23ஆம் திகதி, தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் பன்னிரண்டு பொடியன்களும் அவர்களது உதைபந்தாட்டப் பயிற்றுநரும் போனார்கள். வெள்ளம் வழியை மறித்தது. ஆடி 2ஆம் திகதி அவர்களைக் கண்டுபிடித்தார்கள், 8 முதல் 10ஆம் திகதி வரை ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்தார்கள். சுழியோடிகளின் திறமை உலகத்துக்கே தெரியும். உள்ளே காற்றுச் சிலிண்டர் வைக்கப் போன முன்னாள் கடற்படை வீரர் சமன் குணன் உயிரை விட்டதும் தெரியும். ஆனால் எல்லாவற்றுக்கும் முதல், அவர்கள் அந்தக் குகைக்குள்தான் இருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்தது வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிள்கள். சைக்கிள் அங்கே நின்றிராவிட்டால் சுழியோடி எங்கே போய்ச் சுழியோடுவது?

தனியப் பயணம் போகிறவர்கள் சாதாரணமாகச் செய்வது, வட்ஸ்அப்பில் ஒரு படம் போடுவது. அது சொல்வதாகாது. படம் போட்ட நேரம்தான் மற்றவருக்குத் தெரியும், நீங்கள் திரும்ப வேண்டிய நேரம் தெரியாது. சொல்வது என்றால் மூன்று விசயம் அதில் இருக்கவேண்டும்: எந்தக் குகையின் எந்த வாசல், எத்தனை மணிக்கு வெளியே வருவேன், அந்த நேரம் தாண்டி ஒரு மணித்தியாலத்தில் என் சத்தம் இல்லாவிட்டால் யாருக்கு அடிக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். வீட்டில் இருப்பவர், "போனில சார்ஜ் இல்லாமல் இருக்கும், பாப்பம்" என்று விடியும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். அவரில் குற்றமில்லை. எப்போது பயப்பட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருப்பவரிடம் மட்டும் சொல்வதும் போதாது. அவர் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து என்ன செய்வார்? குகைக்கு மிக அருகில் இருக்கும் ஒரு மனிதரிடமும் சொல்ல வேண்டும். ஒரு கடை, ஒரு வீடு, ஒரு விகாரை. சிங்களம் அரைகுறை என்றால் ஒரு துண்டில் நேரத்தை இலக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம். வண்டியிலும் ஒரு துண்டு வைக்கலாம், மழையில் நனையாத மாதிரிப் பொலித்தீன் பையில்.

அவசரமென்றால் 119 பொலிஸ், 1990 அம்புலன்ஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். இவை போனில் இருந்தால் போதாது, வெளியே நிற்பவரின் கையில் இருக்கவேண்டும். உள்ளே கவரேஜ் வராது. சிக்னல் கல்லுக்குள்ளால் போகாது என்பதை அறிந்தும், போன் இருக்கிறதுதானே என்ற துணிவில் நுழைகிறோம்.

தனிய நுழைவது

தனிய வண்டி ஓடுவதன் ருசி எனக்குத் தெரியும். நினைத்த இடத்தில் நிற்கலாம், நினைத்தபடி திரும்பலாம், ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை. அந்தப் பழக்கத்தை நிலத்துக்குக் கீழ் கொண்டுபோவதுதான் பிழை. வீதியில் விழுந்தால் பின்னால் வரும் லொறிக்காரன் தூக்குவான். குகைக்குள் பின்னால் ஒருவரும் வருவதில்லை.

குகை ஆராய்பவர்கள் நான்கு பேர் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் அவரோடு இருக்க, மற்ற இருவர் சேர்ந்து வெளியே போய் உதவி கூட்டிவருவார்கள். மூன்று பேர் போனால் ஒருவர் இருட்டில் தனியத் திரும்ப வேண்டி வரும். இரண்டு பேர் போனால், அடிபட்டவரைத் தனிய விட்டுவிட்டுத்தான் மற்றவர் வெளியே வரலாம். ஒருவர் போனால் கணக்கே இல்லை.

அமெரிக்காவின் கென்டக்கியில் ஃபுளொய்ட் கொலின்ஸ் என்று ஒருவர் இருந்தார். குகை அவருக்குத் தொழில், புதிய குகைகளைக் கண்டுபிடித்துப் பெயர் எடுத்தவர். 1925 தை 30ஆம் திகதி ஓர் ஒடுக்கமான வழியால் தனிய உள்ளே போய்த் திரும்பும்போது, ஒரு கல் பெயர்ந்து காலில் விழுந்து பிடித்துக்கொண்டது. பாறாங்கல் அல்ல, சுமார் பன்னிரண்டு கிலோ எடை. நம்மூரில் ஒரு சின்ன அரிசி மூட்டை. அவருக்குப் பின்னால், காலடிப் பக்கம் ஒருவர் வந்துகொண்டிருந்தால் அந்த நேரமே கையை நீட்டி உருட்டப் பார்த்திருக்கலாம். அடுத்த நாள் தேடி வந்தவர்களுக்கு அவரது முகம் தெரிந்தது, தண்ணியும் சாப்பாடும் கொடுக்க முடிந்தது, காலடிக்குப் போக மட்டும் முடியவில்லை. இடையில் வழி இடிந்தது. வேறு பக்கத்தால் குழி தோண்டி மாசி 16ஆம் திகதி போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை.

தனியப் பயணி என்ன செய்வது? ஊரில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதுதான். கேட்கும் காசைப் பேரம் பேசாமல் கொடுங்கள். ஒருநாள் பெற்றோல் காசைவிட அது பெரிதாக இருக்காது. இரத்தினபுரி மாவட்டத்தில் வவுல்பனே என்றொரு சுண்ணாம்புக்கல் குகை இருக்கிறது. பெல்மதுளையில் எம்பிலிப்பிட்டிய வீதிக்குத் திரும்பிப் போய், உள்ளூர் வீதிகளால் ஏறவேண்டும். உள்ளேயே ஒரு நீர்வீழ்ச்சி விழும். சிங்களத்தில் வவுலா என்றால் வௌவால், பெயரே சொல்லும். அப்படியான இடத்தில் எந்த மாதம் எந்தக் கல் வரை தண்ணீர் வரும் என்பது அந்த ஊர்க்காரருக்குத் தெரியும். கூகிள் மப்புக்குத் தெரியாது.

கூட்டிப் போகிறவர் "இதுக்கு மேல வேண்டாம்" என்றால் அது கடைசிச் சொல். ஐநூறு ரூபாய் கூடத் தந்தால் போவாரா என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். போகக்கூடும், அதுதான் பயம்.

நம் கோடை அங்கே மாரி

யாழ்ப்பாணத்தானுக்கென்றே ஒரு பிழை இருக்கிறது. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. வைகாசியில் சோழகம் வீசத் தொடங்கினால் புரட்டாதி வரை வெயிலும் புழுதியும். ஆவணியில் பள்ளிக்கூட விடுமுறை, நல்லூர்த் திருவிழா, வெளிநாட்டுச் சொந்தங்கள். வண்டி எடுத்துக்கொண்டு வெளிக்கிட அதைவிட நல்ல காலம் இல்லை என்று நமக்குத் தோன்றும்.

அதே சோழகம்தான் தென்மேல் பருவக்காற்று. நமக்குப் புழுதியைக் கொண்டுவருகிற காற்று, இரத்தினபுரி இருக்கும் சப்ரகமுவ மலைகளில் மழையைக் கொட்டும். நாம் குகை பார்க்க இறங்குகிற மாதங்கள் அங்கே குகை நிரம்புகிற மாதங்கள். நான் போனது ஆவணியில் என்று சொன்னேன் அல்லவா? அன்று மழை பெய்யவில்லை, அவ்வளவுதான் என் அதிர்ஷ்டம்.

குகைக்குள் நிற்பவனுக்கு வெளியே பெய்கிற மழை கேட்காது. மழை குகையின் மேல் பெய்யவும் தேவையில்லை. மலையின் அடுத்த பக்கத்தில் பெய்தாலும் அந்த ஓடையின் நீர்ப்பிடிப்பு அதுவென்றால் தண்ணீர் வந்து சேரும். தாம் லுவாங்கில் நடந்தது இதுதான், அவர்கள் நுழையும்போது பெரிய வெள்ளம் இல்லை. ஓடையின் சத்தம் மாறினால், தெளிந்த தண்ணீர் கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், படம் எடுக்க நிற்காமல் வெளியே வாருங்கள். வழி அடைபட்டுவிட்டதென்றால் நீந்திப் பார்க்கக்கூடாது. உயரமான இடத்தில் ஏறி இருந்து தண்ணீர் வற்றக் காத்திருக்க வேண்டும். சுவரில் எந்த உயரம் வரை சேறும் சருகும் ஒட்டியிருக்கிறது என்று போகும்போதே பார்த்து வைப்பது நல்லது. கூரையில் இலை ஒட்டியிருந்தால் அந்த இடம் முழுக்கத் தண்ணீரில் மூழ்கியிருக்கிறது என்று அர்த்தம்.

தை, மாசி, பங்குனியின் முற்பாதி, இவைதான் சப்ரகமுவப் பக்கம் ஓரளவு வறண்ட காலம். சித்திரையில் பின்னேர இடிமழை தொடங்கிவிடும், ஐப்பசியிலும் அப்படித்தான். எந்த மாதமானாலும் காலையில் நுழைந்து மத்தியானத்துக்குள் வெளியே வருவது. நாள் முழுக்க வண்டி ஓடிக் களைத்துப்போய்ப் பின்னேரம் நுழைவதைப் பற்றித் தனியாக எழுதத் தேவையில்லை, என் கதையே போதும்.

வெளிச்சம்

போன் ரோச் வெளிச்சம் அல்ல. அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும், அந்தக் கைதான் விழும்போது ஊன்றும் கை. ஆளுக்கு மூன்று விளக்கு என்பது உலகம் முழுவதும் குகைக்காரர் வைத்திருக்கும் விதி. ஒன்று ஹெல்மெற்றில், இரண்டு பையில், ஒவ்வொன்றும் தனித்தனிப் பற்றறியோடு. ஒரே பற்றறியை மாற்றி மாற்றிப் போடும் மூன்று ரோச் என்றால் அது ஒரு விளக்குத்தான். மாற்றுப் பற்றறியை இருட்டில் போடத் தெரியுமா என்று வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு ஒருக்கால் போட்டுப் பாருங்கள். நான் பார்த்தேன், மூன்றாம் தரம்தான் சரிவந்தது.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெற்றோடு நுழையலாமா என்று நண்பன் ஒருவன் கேட்டான். ஒன்றுமில்லாமல் போவதை விட மேல்தான். ஆனால் அது காதை அடைக்கும், மேலே பார்க்க விடாது, ஒடுக்கத்தில் முட்டும். கட்டட வேலைத்தளத்தில் போடும் தொப்பியில் நாடிப் பட்டி இருந்தால் அதுவே இதைவிடப் பரவாயில்லை. செருப்பைப் பற்றி நான் சொல்ல இனி ஒன்றுமில்லை. ஜீன்ஸ் நனைந்தால் கல்லாகக் கனக்கும், காயாது.

காற்று

இந்த இடத்தில் மறுபடி நம் கிணற்றுக்கு வருகிறேன். வெளிச்சம் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பவர்கள்கூட காற்றைப் பார்ப்பதில்லை. காற்றுத்தானே, எங்கும் இருக்கும் என்ற எண்ணம்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் நூற்றுக்கு 21 வீதம். காற்றோட்டமில்லாத ஆழத்தில், அழுகும் இலை, வௌவால் எச்சம், சேறு எல்லாம் சேர்ந்து ஒட்சிசனைக் குறைத்துக் காபனீரொட்சைட்டைக் கூட்டும். காபனீரொட்சைட்டு காற்றைவிடப் பாரமானது, பள்ளத்தில் தேங்கும். அது மூன்று வீதமளவுக்கு வந்தாலே மூச்சு வாங்கும், தலை இடிக்கும். ஏறி இறங்கிய களை என்று நினைத்து இருந்து ஆறப் பார்ப்போம். ஆறுவதற்கு நாம் இருக்கும் இடமோ அந்த வாயு தேங்கி நிற்கும் பள்ளம்.

அரிக்கன் லாம்பை இறக்கிப் பார்த்தவர்கள் மூடர்களல்லர். சுடர் சுமார் 16 வீத ஒட்சிசனில் அணைந்துவிடும், மனிதன் மயங்கி விழுவது அதற்குக் கீழே. அந்த இடைவெளிதான் ஏறி வரக் கிடைக்கும் அவகாசம். ஆனால் சுடர் எல்லாவற்றையும் சொல்லாது. ஒட்சிசன் போதிய அளவு இருந்துகொண்டே காபனீரொட்சைட்டு கூடியிருக்கலாம், அப்போது விளக்கு எரியும், மனிதன் தள்ளாடுவான். பெற்றோல் பம்பின் புகையில் வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவையும் சுடர் காட்டாது. கோடையில் தண்ணீர் இறங்கிவிட்டதென்று பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிட்டு, அடைபட்டதைப் பார்க்கப் பின்னால் இறங்கியவர் மயங்க, அவரைத் தூக்க இறங்கிய தம்பியும் மயங்க, ஒரே வீட்டில் இரண்டு சாவு. இப்படியான செய்தி நாம் வாசிக்காததல்ல. அந்த நச்சுவாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. எரிபற்றக்கூடிய வாயு தேங்கிய இடத்தில் சுடரே ஆபத்து. ஆகவே சுடர் ஒரு பழைய துணை, அத்தாட்சியல்ல. இந்தக் காலத்தில் காற்று அளக்கும் கருவி இருக்கிறது. அது இல்லாதவன் காற்றோட்டம் தெரியாத குழிக்குள் இறங்கக்கூடாது.

அதிலும் பெரிய பிழை இரண்டாவது ஆள் செய்வது. ஒருவர் மயங்கினால் பின்னால் குதிக்கக் கூடாது. மேலிருந்து கயிறு, சத்தம், ஆட்கள். கல்நெஞ்சு மாதிரித் தெரியும், ஆனால் குதித்தால் தூக்க வேண்டியவர்கள் இரண்டு பேராகிவிடுவார்கள்.

வௌவால்

வௌவால் எச்சம் காய்ந்து தூளாகிக் கிடக்கும் குகையில் தூசைக் கிளப்பாமல் நடப்பது நல்லது. ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சணம் அந்த எச்சத்தில் வளரும், அதன் வித்திகள் மூச்சோடு நுரையீரலுக்குப் போகும். நல்ல மாஸ்க் ஒன்று போட்டால் ஆபத்துக் குறையும். திரும்பி வந்து இரண்டு மூன்று கிழமையில் காய்ச்சலும் இருமலும் வந்தால் டொக்டரிடம், "குகைக்குப் போனனான்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் ஏன் அதை நினைக்கப் போகிறார்? சேற்றுத் தண்ணியில் காலில் புண்ணோடு நடந்தவருக்கு எலிக்காய்ச்சலும் அதே மாதிரி. இரத்தினபுரிப் பக்கம் அது புதிதல்ல. விழுந்து கிடக்கும் வௌவாலைக் கையால் தொடக்கூடாது. கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணியில் கழுவி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு.

எதிரொலி கேட்கக் கத்துவது, சூடம் கொளுத்துவது, வெடி போடுவது, கூரையில் தொங்கும் கல்லை முறித்து ஷோகேசில் வைப்பது, எல்லாம் நம் ஆட்கள் செய்வதுதான். அந்தக் கல் ஒரு மில்லிமீற்றர் வளர ஏறக்குறைய பத்து வருடம் எடுக்கும்.

ஒடுக்கம்

ஒரு துவாரத்தைக் கண்டால் நுழைந்து பார்க்கும் ஆசை சிறுபிள்ளைத்தனம்தான், எல்லோருக்கும் இருக்கும். கீழ்நோக்கிச் சரியும் ஒடுக்கத்தில் தலையை முதலில் விடக்கூடாது. அமெரிக்காவின் யூட்டாவில் நட்டி புட்டி என்ற குகையில் 2009இல் ஓர் இளைஞர் அப்படித்தான் தலைகீழாக இறுகினார். அவரிடம் போய்ச் சேர முடிந்தது, கயிறு கட்ட முடிந்தது, இழுத்து எடுக்க முடியவில்லை. ஒரு நாளுக்கு மேல் தலைகீழாகக் கிடந்து இறந்தார். குகையை அப்படியே மூடிவிட்டார்கள். மனித உடம்பு தலைகீழாகக் கனநேரம் தாங்காது, இதயம் களைத்துவிடும். உள்ளே போகும்போது புவியீர்ப்பு துணை நிற்கும். வெளியே வரும்போது அதுவே எதிரி.

இன்னொன்று, போகும்போது அடிக்கடி திரும்பிப் பின்னால் பார்ப்பது. திரும்பி வரும்போது தெரியப்போகிற காட்சி அதுதான். கிளை பிரியும் இடத்தில் மூன்று சின்னக் கல்லை அடுக்கிவிட்டு, வரும்போது எடுத்துவிடலாம். பெயின்ரால் அம்புக்குறி போடவேண்டாம். ஊர்ப்பெயரும் காதலி பெயரும் அதற்குப் பக்கத்தில் வந்துவிடும்.

வீட்டுக்குப் பக்கத்தில்

கடைசியாக நம் குடாநாடு. இங்கே நடந்து போகக்கூடிய பெரிய குகை என்று எதிர்பார்த்து அலைய வேண்டாம். நம் பொந்துகளில் பெரும்பாலும் தண்ணீர் நிற்கிறது. நிலாவரை ஐம்பது மீற்றருக்கு மேல் ஆழம். மேலே நன்னீர், கீழே போகப் போக உப்பு. நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால் அப்படி. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. கற்குகைத் தண்ணீருக்குள் சுழியோடுவது கடலில் சுழியோடுவது மாதிரியல்ல. மூச்சு முட்டினால் நேராக மேலே வர முடியாது, மேலே கல் இருக்கும். கடலில் எத்தனை வருடம் சங்கு குளித்திருந்தாலும் குகைச் சுழியோட்டப் பயிற்சி இல்லாமல் அதற்குள் தலையை விடக்கூடாது.

வலிகாமம் வடக்கில் கனகாலம் ஆட்கள் போகாமல் கிடந்த காணிகளிலும், முகமாலை போன்ற முன்னரங்கப் பகுதிகளிலும் பற்றைக்குள் ஒரு பள்ளமோ பழைய பங்கரோ கண்டால் இறங்கிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை வருடக்கணக்காக நடந்து பெரும்பகுதி முடிந்திருக்கிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடத்தில் முடியவில்லை என்று அர்த்தம். வெடிக்காத பொருள் கண்டால் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி வந்து பொலிசுக்குச் சொல்ல வேண்டும்.

போன மாசியில் மறுபடி இரத்தினபுரிப் பக்கம் போனேன். இந்தமுறை வவுல்பனேக்கு, ஊர் அண்ணை ஒருவரைக் கூட்டிக்கொண்டு, மூன்று ரோச்சோடு. கீழே வீதியோரக் கடையில் பிளேன்ரீ குடித்துவிட்டு, வண்டிச் சாவியைக் கடைக்கார அம்மாவிடம் கொடுத்தேன். "கீயட்டத என்னே?" என்று கேட்டார், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று. "தெக்கட்ட" என்றேன், இரண்டு மணிக்கு. துண்டிலும் 2 என்று எழுதி, கீழே 119 என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டினார்.

நீர்வீழ்ச்சியடியில் நின்றதில் நேரம் போய்விட்டது. நாங்கள் இறங்கி வரும்போது இரண்டு பத்து. கடை வாசல் வாங்கில் அந்த அம்மாவின் மகன் இருந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சப்பாத்துக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு ரோச் இருந்தது.